டாரட்டில் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

டாரட் என்ற குறி சொல்லும் சீட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். ஐந்து என்ற எண்ணை ஒரு புத்தகம் சண்டை என்கிறது, இன்னொன்று மாற்றம் என்கிறது, எண் ஜோதிடமோ புதன் என்கிறது. இதில் எது சரி? வேலை மாறலாமா என்று கேட்டுப் பத்து கார்டு போட்டதில் மூன்று ஐந்து விழுந்திருக்கிறது, அதற்குத் தனியாக ஏதாவது அர்த்தம் உண்டா? பிறந்த எண் 8 என்பதால் உங்களுக்குரிய கார்டு ஸ்ட்ரெங்தா, ஜஸ்டிஸா? மூன்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இந்த எண்களுக்கு அர்த்தம் வைத்தது யார், அதை எவ்வளவு தூரம் நம்பி ரீடிங் சொல்லலாம்? பல வருடங்களாகக் கார்டு பார்த்தும் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மைனர் கார்டுகளில், அதாவது நான்கு வகையாக வரும் 56 கார்டுகளில், எண் நன்றாகவே உதவும். ஸ்ட்ரெங்த், ஜஸ்டிஸ் போலத் தனிப் பெயர் கொண்ட 22 மேஜர் கார்டுகளில் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கேயும் எண் மட்டும் தனியாக எதையும் சொல்லிவிடாது.

எழுதும் வசதிக்காக வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வார்ட்ஸ், பென்டகிள்ஸ் என்ற நான்கு வகைகளையும் கோல், கோப்பை, வாள், காசு என்று சொல்லிக்கொள்கிறேன். மேஜர் கார்டுகளின் பெயர்களை எல்லோரும் சொல்கிறபடியே விட்டுவிடுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டின் வட இத்தாலியில், சீட்டு விளையாடுவதற்காக. 78 கார்டுகளில் 56 சாதாரணச் சீட்டுக்கட்டைப் போன்றவை: நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்து வரை, மேலே நான்கு அரசவைக் கார்டுகள். மீதி 22இல் ஃபூல் தவிர மற்றவை, பிற கார்டுகளை வெட்டும் துருப்புகள். இந்த 22தான் பிற்காலத்தில் மேஜர் ஆர்கானா என்று பெயர் பெற்றது. மிலான் பிரபுக்களுக்காகக் கையால் வரைந்த விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா கட்டுகள் இன்றைக்கும் இருக்கின்றன. அவற்றின் துருப்புகளில் எண்ணே கிடையாது. எது எதை வெட்டும் என்ற வரிசை ஆடுகிறவர்களுக்கு மனப்பாடம். அந்த வரிசையும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஃபெராராவில் ஜஸ்டிஸ் ஏறக்குறைய உச்சியில், வேர்ல்ட் கார்டுக்கு அடுத்தபடி இருந்தது. மிலான் வழியில் அது கீழே எட்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. இந்த வேறுபாடுகளை வகைப்படுத்திக் காட்டியவர் மைக்கேல் டம்மெட் என்ற தத்துவப் பேராசிரியர். டாரட் ஆட்டத்தைப் பற்றிய அவருடைய ஆய்வு 1980இல் வந்தது. கார்டில் அச்சாகியிருக்கும் எண் ஆதியிலிருந்தே அங்கே இருந்த ரகசியக் குறி என்று யாராவது சொன்னால், இந்த ஒரு தகவலே போதும்.

எண்ணும் குறி சொல்வதும் சேர்ந்தது பின்னால்தான். 1781இல் கூர் து ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் டாரட் எகிப்திய ஞான நூல் என்று தன் நூல் தொகுப்பில் எழுதினார். எகிப்திய எழுத்தை யாரும் படிக்க முடியாத காலம் அது. ஷம்போலியோன் அதைப் படித்துக் காட்டியது 1822இல். ஆகவே அவர் சொன்னதை அப்போது மறுப்பாரும் இல்லை. அதே தொகுப்பில் இன்னொருவர் இந்த 22 கார்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். எத்தெய்யா என்ற பெயரில் எழுதிய அலியெட், டாரட்டில் குறி பார்க்கும் முறையை 1785 வாக்கில் அச்சில் கொண்டுவந்தார், தன் கட்டில் எல்லாக் கார்டுகளுக்கும் 1 முதல் 78 வரை தானே புது எண் போட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மறைஞான எழுத்தாளர் இந்த எழுத்து இணைப்பை இன்னும் இறுக்கினார். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கம் எபிரேய எழுத்து, கிரகம், ராசி, கபாலா என்ற யூத மறைஞானத்தின் மரம் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் அடுக்கியது. அந்தச் சங்கத்தில் இருந்த வெயிட்டும் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித்தும் சேர்ந்து 1909இல் வெளியிட்ட கட்டைத்தான் இன்று பெரும்பாலானோர் கையில் வைத்திருக்கிறார்கள். உங்கள் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம் இந்த அடுக்குகள்தான். ஒவ்வொரு புத்தகமும் வெவ்வேறு அடுக்கிலிருந்து எடுத்துப் பேசுகிறது, ஆனால் எந்த அடுக்கு என்று வாசகரிடம் சொல்வதில்லை.

இப்போது உங்கள் ஐந்துக்கு வருவோம். கோல்டன் டான் முறையில் ஏஸ் முதல் பத்து வரையுள்ள கார்டுகள் கபாலா மரத்தின் பத்து நிலைகளில் உட்காரும். அந்த நிலைகளுக்குக் கிரகங்கள் உண்டு: மூன்றுக்குச் சனி, நான்குக்கு வியாழன், ஐந்துக்குச் செவ்வாய், ஆறுக்குச் சூரியன், ஏழுக்குச் சுக்கிரன், எட்டுக்குப் புதன், ஒன்பதுக்குச் சந்திரன். ஐந்தாவது நிலையின் குணம் கண்டிப்பு, வெட்டுதல், தண்டித்தல். நான்கு ஐந்துகளுக்கும் அவர்கள் வைத்த பட்டங்களைப் பார்த்தாலே தெரியும்: கோலில் பூசல், கோப்பையில் இன்பம் குறைதல், வாளில் தோல்வி, காசில் பொருள் நெருக்கடி. சண்டை என்று சொல்லும் புத்தகம் இந்த அடுக்கிலிருந்து பேசுகிறது. மாற்றம் என்று சொல்வது வேறொரு வழி: ஒன்று முதல் பத்து வரை ஒரு வளர்ச்சிக் கதையாக வைத்துக்கொண்டு, நான்கில் நிலைபெற்றது ஐந்தில் குலைகிறது என்று படிப்பது. எண் ஜோதிடத்தில் ஐந்து புதன், எட்டு சனி, ஒன்பது செவ்வாய். இந்தப் பட்டியலுக்கும் டாரட்டின் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. டாரட் வழியில் எட்டுதான் புதன், மூன்றுதான் சனி. இரண்டையும் ஒரே ரீடிங்கில் கலந்தால், கோல் ஐந்தை எடுத்து வைத்துக்கொண்டு வியாபாரம், பயணம், பேச்சுத் திறமை என்று சொல்லிக்கொண்டிருப்போம். கார்டில் ஐந்து பேர் கம்பை ஓங்கிக்கொண்டு நிற்பார்கள். எண் ஜோதிடம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு கணக்கு, அதைக் கொண்டுவந்து இங்கே கழிக்க முடியாது.

அதனால் எது சரி என்று கேட்டால், உங்கள் கட்டை உருவாக்கியவர் எந்த முறையில் நின்று செய்தாரோ அதற்கு முதல் மரியாதை என்பேன். வெயிட்-ஸ்மித் கட்டோ அதன் வழியில் வந்த ஏதோ ஒன்றோ வைத்திருந்தால், கோல்டன் டான் அர்த்தம் படத்திலேயே பாதி கலந்திருக்கும். கோல்டன் டானில் இருந்த அலெய்ஸ்டர் கிரௌலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டு என்றால் முழுவதுமே கலந்திருக்கும். அதில் வாள் பத்தின் கீழே 'நாசம்' என்றும் காசு ஐந்தின் கீழே 'கவலை' என்றும் பொருள்படும் சொல்லே அச்சாகியிருக்கிறது. பழைய பிரெஞ்சு பாணியான மார்செய் கட்டு என்றால் நிலைமை வேறு. அதில் கோப்பை ஐந்து என்பது வெறும் ஐந்து கோப்பையும் கொஞ்சம் கொடி அலங்காரமும்தான். படம் எதுவும் சொல்லாததால் எண்ணும் வகையும்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். எண்ணின் அருமை தெரிய வேண்டுமென்றால் கொஞ்ச நாள் மார்செய் கட்டில் பழகிப் பாருங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். ஏஸ் என்பது இன்னும் யாருடையதும் ஆகாத ஆரம்பம். வெயிட்-ஸ்மித் கட்டின் நான்கு ஏஸ்களிலும் மேகத்திலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பது அதனால்தான் பொருந்துகிறது. இரண்டு, இரண்டு பக்கம் இழுப்பதும் இரண்டு பேர் சேர்வதும். மூன்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆறு, ஐந்தில் கலைந்தது மறுபடி ஒழுங்குக்கு வருவது. ஏழு கொஞ்சம் தந்திரமான எண். முடிவு தெரியாமல் தனியாகச் சமாளிக்கிறவர்கள்தான் நான்கு ஏழுகளிலும் இருக்கிறார்கள். எட்டு வேகமும் உழைப்பும், ஒன்பது கிட்டத்தட்ட முடிந்த நிலை. இவற்றில் நான் அதிகம் நேரம் செலவிடுவதில்லை, ஏனென்றால் படங்களே சொல்லிவிடுகின்றன. உண்மையில் பழகத் தகுந்தவை நான்கு, ஐந்து, பத்து என்ற மூன்றும்தான்.

நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். நிலை, உறுதி, நான்கு மூலை, நான்கு சுவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் நான்கு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கோல் நான்கில் பூமாலை கட்டிய நான்கு கம்பம், கொண்டாட்டம். கோப்பை நான்கில் ஒரு இளைஞன் கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் மூன்று கோப்பை, பக்கத்தில் ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாள் நான்கில் கல்லறை மேல் கைகூப்பிப் படுத்த வீரனின் உருவம். காசு நான்கில் ஒருவன் தலையில் ஒரு காசு, மார்பில் அணைத்தபடி ஒரு காசு, காலுக்கு அடியில் இரண்டு என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். நான்கிலும் யாரும் நகரவில்லை. அதே அசையாமை ஒரு இடத்தில் விழாவாகவும் ஒரு இடத்தில் சலிப்பாகவும் ஒரு இடத்தில் ஓய்வாகவும் ஒரு இடத்தில் கஞ்சத்தனமாகவும் ஆகிறது. எண் கொடுப்பது அசையாமையை மட்டும்தான். அது நல்லதா கெட்டதா என்பதை வகைதான் சொல்லும், ஏதோ ஒரு பட்டியலில் நான்குக்கு நேரே எழுதியிருக்கும் சொல் சொல்லாது.

பத்தும் இப்படித்தான். நிறைவு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கோப்பை பத்தில் வானவில்லும் குடும்பமும், காசு பத்தில் தாத்தா, பிள்ளைகள், நாய்கள், வளமான வீடு, சரி, நிறைவுதான். ஆனால் கோல் பத்தில் ஒருவன் பத்துக் கம்புகளையும் வாரி அணைத்து முகம் தெரியாமல் குனிந்து நடக்கிறான். வாள் பத்தில் முதுகில் பத்து வாளோடு ஒருவன் கவிழ்ந்து கிடக்கிறான். அவையும் நிறைவுதான்: அந்த வகையில் இதற்கு மேல் இடமில்லை. கோப்பையும் காசும் நிறைந்தால் நல்லது. பொறுப்பும் துன்பமும் நிறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் மற்ற இரண்டு கார்டுகளும் காட்டுகின்றன. வாள் பத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் பதினொன்றாவது வாள் என்று ஒன்று இந்தக் கட்டில் இல்லை என்று சொல்வேன். ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சில்லை இது, எண்ணை ஒழுங்காகப் படித்தாலே வரும் அர்த்தம்.

மூன்று எங்கே இடறுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாவது பிறக்கிறது, ஆகவே மூன்று என்றால் படைப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி என்று வளர்ச்சிக் கதை சொல்லும். கோப்பை மூன்றில் மூன்று பெண்கள் கோப்பை உயர்த்தி ஆடுவதும் காசு மூன்றில் தேவாலயக் கொத்தனார் வேலை செய்வதும் அதற்குப் பொருந்தும். வாள் மூன்றில் இதயத்தை மூன்று வாள் குத்தியிருக்கிறது, பின்னால் மழை. இதை மூன்று என்ற எண்ணிலிருந்து வருவிக்க முயன்றவர்கள் நிறைய வளைத்திருக்கிறார்கள். கபாலா வழியில் மூன்று சனிக்குரியது, துயரமும் அங்கே உண்டு என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் கோப்பை மூன்று அந்த வழிக்குக் கொஞ்சம் உறுத்தும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டில் வாள் மூன்றில் ஏற்கெனவே மூன்று வாள் குத்திய இதயம் இருக்கிறது. அந்தக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, இரண்டு வருடம் கழித்து ஸ்மித்தின் படங்கள் வந்தன. கோல் பத்தில் சுமை தூக்கும் மனிதனும் அங்கே இருக்கிறான், ஆனால் அங்கே அவன் சுமப்பது பத்து வாள். ஆகவே சில படங்கள் எண் தத்துவத்திலிருந்து பிறக்கவில்லை, ஓவியர் கண்ணில் பட்ட நல்ல படம் என்பதால் வந்தவை. எண்ணும் படமும் முரண்படும்போது நான் படத்தோடுதான் போவேன்.

மேஜர் கார்டுகளில் ஏன் அளந்து நம்பச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் ஸ்ட்ரெங்த், ஜஸ்டிஸ் குழப்பமே நல்ல உதாரணம். மார்செய் கட்டில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. வெயிட் இரண்டையும் இடம் மாற்றினார். தனக்குத் திருப்தியான காரணங்கள் உண்டு என்று மட்டும் எழுதிவிட்டு, விளக்காமல் நகர்ந்துவிட்டார். காரணம் கோல்டன் டான் சட்டகத்தில் இருக்கிறது. எம்பரர் கார்டில் தொடங்கி ராசிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தால் எட்டாம் எண்ணில் சிம்மமும் பதினொன்றில் துலாமும் விழுகின்றன. சிங்கத்தின் வாயைப் பிடிக்கும் பெண் சிம்மத்திலும், தராசு ஏந்திய பெண் துலாமிலும் இருந்தால்தான் பொருந்தும். அதற்காகக் கார்டுகள் நகர்ந்தன. கிரௌலி எண்களை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோனார். ஃபூல் கார்டும் இப்படி அலைந்ததுதான்: மார்செய் கட்டில் எண் இல்லை, லெவி கடைசிக்கு முந்தைய இடத்தில் வைத்தார், கோல்டன் டான் பூஜ்யம் கொடுத்து முதலில் வைத்தது. எண்ணை மாற்றியதால் ஸ்ட்ரெங்த் கார்டின் பொறுமையோ ஜஸ்டிஸ் கார்டின் நியாயமோ துளியும் மாறவில்லை. அப்படியானால் அங்கே அர்த்தம் எண்ணிலிருந்து வரவில்லை என்றுதானே ஆகிறது?

இருந்தாலும் மேஜரில் எண்ணை முழுவதும் ஒதுக்கவும் மாட்டேன். இலக்கங்களைக் கூட்டி ஜோடி சேர்க்கும் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 15ஆம் எண் டெவில், 1+5 என்றால் 6, லவ்வர்ஸ். வெயிட்-ஸ்மித் கட்டில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆணும் பெண்ணும், அதே நிலையில். மேலே தேவதை இருந்த இடத்தில் டெவில், கழுத்தில் தொளதொளவென்று ஒரு சங்கிலி. ஒன்று மற்றதன் கேலிச்சித்திரம் என்பது பார்த்ததுமே தெரிகிறது. 11ஆம் எண்ணான ஜஸ்டிஸும் 2ஆம் எண்ணான ஹை பிரீஸ்டஸும் இரண்டு தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கெல்லாம் ஜோடியைப் பயன்படுத்துங்கள். ஆனால் 13ஆம் எண் டெத் கூட்டினால் 4 வருகிறது, எம்பரர். முடிவும் அதிகாரமும் என்று ஏதாவது சொல்லலாம், சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது கணக்கு கொடுத்த ஜோடியாக மட்டுமே தெரிகிறது. படத்தில் துணை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மூன்று ஐந்து வந்த கதைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கணக்கு பார்த்தால் பாதிப் பதற்றம் தணியும். 78இலிருந்து பத்து கார்டு எடுத்தால், ஏஸ் முதல் பத்து வரையுள்ள எண்களில் ஏதாவது ஒன்று குறைந்தது இரண்டு முறை வருவதற்கான வாய்ப்பு சுமார் 60 சதவீதம். அதாவது ஜோடி என்பது பாதிக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். இரண்டு எட்டு வந்துவிட்டது என்று அதை ஒரு செய்தியாகப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. ஏதாவது ஒரு எண் மூன்று முறை வருவது 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, அதாவது ஏறக்குறைய 17 ஸ்ப்ரெட்டுக்கு (ஒரு முறை கார்டுகளைப் பரப்பிப் பார்ப்பது ஒரு ஸ்ப்ரெட்) ஒன்று. குறிப்பாக ஐந்துதான் மூன்று முறை வர வேண்டும் என்றால் 170க்கு ஒன்று. அபூர்வம்தான், ஆனால் தினமும் கார்டு போடுகிற எவருக்கும் எப்போதாவது வரக்கூடிய அபூர்வம். நன்றாகக் கலைத்த கட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. சரியாகக் கலையாத கட்டில், முந்தைய முறை சேர்ந்து கிடந்த கார்டுகள் மறுபடி சேர்ந்தே வரும். கட்டை வாங்கி எண் வாரியாக அடுக்கி வைத்துப் படித்துவிட்டு, நாலு முறை மட்டும் கலைத்துப் போட்டிருந்தால் மூன்று ஐந்து வருவதில் வியப்பே இல்லை. ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

திரும்பத் திரும்ப வரும் எண்ணுக்குப் பழைய புத்தகங்களில் தனிப் பட்டியலே உண்டு. வெயிட்டும் ஒன்று கொடுத்திருக்கிறார். நான்கு ராஜா வந்தால் பெரிய கௌரவம் என்ற ரீதியில் போகும். அந்தப் பட்டியல் மேலே சொன்ன எந்த எண் முறையோடும் ஒட்டாது, எனக்கு அது பயன்பட்டதும் இல்லை. நான் செய்வது இவ்வளவுதான்: எண் சொல்வதை மூன்று வகையிலும் வைத்துப் பார்த்து, வராத வகை எது என்றும் பார்ப்பேன்.

உங்கள் ஸ்ப்ரெட்டில் கடந்த கால இடத்தில் கோப்பை ஐந்து, நிகழ்கால இடத்தில் கோல் ஐந்து, ஆசையும் அச்சமும் என்ற ஒன்பதாம் இடத்தில் காசு ஐந்து, முடிவு இடத்தில் வாள் ஆறு என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கி போட்டவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் இரண்டு நிமிர்ந்தே இருக்கின்றன. இந்த வேலையில் ஏதோ ஒரு ஏமாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது, எல்லாமே போய்விடவில்லை. கோல் ஐந்து இன்றைய நிலை: ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கும் இடம், ஆனால் படத்தில் யாருக்கும் காயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். காசு ஐந்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். வெளிச்சம் தெரியும் ஜன்னலுக்கு வெளியே பனியில் நடக்கும் இரண்டு பேர், ஒருவர் ஊன்றுகோலோடு. அது விழுந்த இடம் ஒன்பது. அங்கே அது பண நெருக்கடி வரப்போகிறது என்று சொல்லவில்லை, வருமானம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயத்தைத்தான் காட்டுகிறது. இடம் என்ன சொல்கிறது என்று பாராமல் ஐந்து என்றாலே கெடுதல் என்று படித்தால் இந்த வித்தியாசம் கைநழுவிப் போகும்.

மூன்று வகையில் ஐந்து வந்தும் வாள் ஐந்து வரவில்லை. வாள் என்பது யோசனை, முடிவெடுப்பது, வெட்டிப் பேசுவது. மனதிலும் வேலையிலும் காசுக் கவலையிலும் குழப்பம் இருக்கிறது, ஆனால் தீர்மானம் என்ற இடத்துக்கு இன்னும் அது வந்து சேரவில்லை. முடிவு இடத்தில் வாள் வந்திருக்கிறது, அதுவும் ஐந்தைத் தாண்டி ஆறாக. படகில் ஒரு பெண்ணும் குழந்தையும், பின்னால் துடுப்பு போடுகிறவர், படகிலேயே குத்தி நிற்கும் ஆறு வாள். ஒரு பக்கம் தண்ணீர் கலங்கியும் மறுபக்கம் அமைதியாகவும் இருக்கும். ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் வரிசையை நான் இங்கே எடுத்துக்கொள்வேன்: பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடாது, வாள்களும் கூடவே வரும், ஆனால் இடம் மாறும். ராஜினாமா கொடு, கொடுக்காதே என்று இந்த ஸ்ப்ரெட் சொல்வதாக நான் படிக்க மாட்டேன். கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று எழுதிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பேன், ஏனென்றால் காசு ஐந்து விழுந்த இடம் அதைத்தான் கேட்கச் சொல்கிறது.

எண்ணை வைத்து நாள் குறிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அடுத்து அதுதான் வரும். கோல் என்றால் நாள், வாள் என்றால் வாரம், எட்டு வந்தால் எட்டு வாரம் என்று ஒவ்வொருவரும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், ஒருவருடையது மற்றவருடையதோடு ஒத்துப்போவதில்லை. கோல்டன் டான் முறையில் மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு: இரண்டு முதல் பத்து வரையுள்ள 36 கார்டுகள் ராசி மண்டலத்தின் பத்து பத்துப் பாகைப் பகுதிகளுக்கு ஒன்றாக நிற்கும், ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் வருடத்தில் ஏறக்குறைய பத்து நாள் கிடைக்கும். கோப்பை ஐந்து விருச்சிகத்தின் முதல் பத்து பாகை, செவ்வாய். படிக்க அழகான அமைப்பு. அதை வைத்து இன்ன தேதியில் வேலை கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, அப்படிச் சொல்லிப் பலித்ததற்கு நம்பத் தகுந்த சான்றும் இல்லை. பொதுவாகவே இந்த எண் அர்த்தங்கள் மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட மரபு. நிலைமையைப் பல பக்கத்திலிருந்து யோசிக்க அது நல்ல கருவி. உடம்பு, கோர்ட் வழக்கு, கடன் போன்றவற்றில் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக உங்கள் 8. முதலில் அது எந்த 8 என்று பாருங்கள். எண் ஜோதிடத்தில் பிறந்த தேதியை மட்டும் கூட்டுவார்கள்; 8, 17, 26 தேதிகளில் பிறந்தால் 8. டாரட்டில் பிறப்புக் கார்டு பார்க்கிறவர்கள் தேதி, மாதம், வருடம் மூன்றையும் கூட்டுவார்கள், அதனால் உங்கள் டாரட் எண் 8 இல்லாமலே போகலாம். கூட்டும் விதத்திலும் இரண்டு உண்டு. 9-5-2001 என்று வைத்துக்கொள்வோம். முழு எண்களாகக் கூட்டினால் 9+5+2001 என்று 2015, அதன் இலக்கங்களைக் கூட்டினால் நேராக 8. இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 9+5+2+0+0+1 என்று 17. அது ஸ்டார் கார்டு, அதற்குப் பிறகுதான் 8. ஒரே ஆளுக்கு ஒரு முறையில் ஒரு கார்டு, இன்னொரு முறையில் இரண்டு. இந்தப் பிறப்புக் கார்டு வழக்கம் பரவலானதே 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான், இதில் பழைய மரபின் அதிகாரம் எதுவும் இல்லை. முழுத் தேதியையும் கூட்டி 8 வந்தால், உங்கள் கையிலிருக்கும் கட்டில் எந்தக் கார்டில் 8 என்று அச்சாகியிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வெயிட்-ஸ்மித் என்றால் ஸ்ட்ரெங்த், மார்செய் என்றால் ஜஸ்டிஸ். இரண்டு கட்டும் வைத்திருந்தால் இரண்டு கார்டையும் எடுத்து மேஜையில் வைத்து, இப்போதைய வேலைப் பிரச்சினைக்கு எது ஏதாவது சொல்கிறது என்று பாருங்கள்.